காலுக்குத் தெரிந்தது

ஃபைல் இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. நான் ஏழாவது. இருநூற்றுப் பதினான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு சுருக்கொப்பம், வலது கீழ் மூலையில், நீல மையில். யாரும் நடுவில் ஒரு தாளை உருவி வேறு தாளைச் செருகிவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஏற்படுத்தி வைத்த வழக்கம். இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரும் யோக்கியர்கள்தான், ஆனாலும் ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பது விதி. ஆளுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. படிப்பதால் அல்ல, தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன, விரலை எச்சில் தொட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தலைவர், ஏர் வைஸ் மார்ஷல் பருவா, முதல் ஆளாகப் போட்டு முடித்துவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருக்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த தகப்பனின் களைப்பு முகத்தில். பதினான்கு மாதமாக இரண்டு விமானங்களைப் பார்த்து, ஓட்டி, அளந்து, சண்டை போட்டு, இனிப் போர் விமானிகளாகப் போகிறவர்கள் அடுத்த முப்பது வருடம் எந்த ஜெட்டில் பழகுவார்கள் என்று முடிவு செய்திருக்கிறோம். கம்பெனிப் பெயர்களை இந்த அறைக்குள் உச்சரிக்கக் கூடாது, அது இன்னொரு விதி. அட்டையின் நிறத்தை வைத்து ஒன்றைப் பச்சை என்போம், மற்றதைச் சிவப்பு என்போம். சிவப்பு ஜெயித்துவிட்டது. அதை ஜெயிக்க வைத்தது நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் நான் போட்ட மதிப்பெண். அந்த மதிப்பெண் தப்பு என்பது இன்று காலை ஒன்பதே முக்காலுக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விங் கமாண்டர் மெஹருன்னிசா விமானி அல்ல, இன்ஜினியர். ஆம்பூர்க்காரர். நாங்கள் மேலே பறப்பதை அவர் கீழே உட்கார்ந்து கோடுகளாகப் பார்ப்பார். கைப்பிடி எவ்வளவு நகர்ந்தது, மூக்கை இடம் வலம் திருப்பும் பெடல் எவ்வளவு அமுங்கியது, மூக்கு எத்தனை டிகிரி தூக்கியது, எல்லாம் பதிவாகும். வராந்தாவில் தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “சார், ஒரு நிமிஷம். நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு காட்டணும்.” அப்படி ஆரம்பிக்கும் எதுவும் என் சர்வீஸில் நல்ல சேதியாக முடிந்ததில்லை. தாளை நீட்டினார். “சிவப்புல உங்க ஸ்டால் டெஸ்ட் இது.” வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் சிறகுகள் இனி நம்மால் ஆகாது என்று கைவிரித்துவிடும், அதுதான் ஸ்டால். நல்ல விமானம் அப்போது மூக்கை மட்டும் தாழ்த்தும், கெட்ட விமானம் ஒரு பக்கமாகச் சாயும். இருபதாயிரம் அடியில் சாய்ந்தால் வேடிக்கை. இறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கித் திரும்பும் வளைவில், ஐந்நூறு அடியில் சாய்ந்தால் கதை முடிந்தது. “சாயலைன்னு எழுதியிருக்கீங்க.” “ஆமா, சாயலையே.” “சாயல சார். ஆனா இந்தக் கோட்டப் பாருங்க. ஆறு தடவையும், அது விழறதுக்கு அரை செகண்ட் முன்னாடி உங்க வலது பெடல் கால்வாசி அமுங்குது.” “நான் அமுக்கலையே.” மெஹர் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். “சிவப்ப ஓட்டின பிஷ்ட் சாருக்கும் அப்படித்தான் வந்திருக்கு. அவருக்குக் கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.” “அமுக்காம இருந்தா?” “இடது சிறகு விழுந்திருக்கும் சார். கணக்குப்படி அறுபது டிகிரி வரைக்கும். ஓட்டிப் பார்க்காம உறுதியா சொல்ல முடியாது. நேத்துப் பின்னிணைப்புக்குப் படம் அடுக்கும்போதுதான் பார்த்தேன். ரெண்டு பேருமே சாயலைன்னு எழுதிட்டதால பெடல் கோட்ட யாரும் கேக்கவே இல்ல.” பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, “மார்க் போட்ட கார்டு உங்களோடது சார். நீங்கதான் மாத்த முடியும்,” என்றார். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் வந்து உட்கார்ந்துவிட்டோம்.

நான்காவது ஆள் எடுத்துக்கொண்டாயிற்று. சப்ளைப் பிரிவு. இவர் ஒவ்வொரு ஒப்பத்துக்குக் கீழும் ஒரு புள்ளி வைப்பார், அதனால் இன்னும் இரண்டு நிமிடம் கூடும். கூடட்டும். மேசைக்கு அடியில் என் வலது கால் சும்மா இருக்கிறது, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவுக்குள், ஒன்றும் அறியாத பிள்ளைமாதிரி. நாற்பத்தெட்டு வயதுக் கால். எனக்குத் தெரியாமல் ஒரு காரியத்தை ஆறு தடவை செய்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆறையும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். மூக்கு மேலே, வேகம் குறைகிறது, காற்றின் சத்தம் அடங்குகிறது, கைப்பிடி சாதம் பிசைகிற பதத்துக்கு இளகுகிறது, பின்னால் ஒரு சின்ன நடுக்கம், இதோ இப்போது விழப் போகிறது, விழுந்தது, நேராக, மரியாதையாக. கால் எங்கே? இந்த நினைவில் எங்குமே கால் இல்லை. முட்டிக்குக் கீழே நான் அந்தக் காக்பிட்டில் இருக்கவே இல்லை. இறங்கியதும் முழங்காலில் கட்டியிருந்த அட்டையில் பென்சிலால் எழுதினேன்: ஒன்று மிக நல்லது, பத்து மிக மோசம் என்ற அளவில் இரண்டு, விமானியின் தலையீடு தேவையில்லை, மிக நேர்மையான விமானம். நேர்மை என்ற சொல்லை நானாகத்தான் சேர்த்தேன். அதைத் தலைவர் சபையில் வாசித்துக் காட்டினார், எனக்குப் பெருமையாக இருந்தது. சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சையில் இருக்கை இடுப்பைப் பிடித்தது, கண்ணாடிக் கூரை தலையில் இடித்தது. சிவப்பில் ஏறி உட்கார்ந்ததுமே வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. பழகிய வீடு. அங்கேதான் வில்லங்கம் இருந்திருக்கிறது.

எங்கள் கார் பதினோரு வருடம் என் கையில் இருந்தது. சென்ற வருடம் என் மனைவி பியூலா ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் தடவை தனியாக எடுத்துப் போய், மார்க்கெட் திருப்பத்தில் பிளாட்பாரத்தில் ஏற்றிவிட்டு வந்து நின்றாள். “ஏங்க, வண்டி இடது பக்கமால்லா இழுக்கு. இத்தன வருசமா உங்களுக்குத் தெரியலயா?” நான் சிரித்தேன், கைக்கு நிதானம் வரவில்லை என்றேன், பெண்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முறைபற்றி ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன் என்று நினைக்கிறேன். மெக்கானிக் வந்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினான். வண்டி நூல் பிடித்தாற்போல் சாக்கடையைப் பார்த்துப் போனது. பியூலா சாக்கடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டேனா? அலைன்மென்ட் பண்ணச் சொன்னேன். மன்னிப்பு வேறு, அலைன்மென்ட் வேறு. ஐந்தாவது ஆளிடம் போய்விட்டது ஃபைல். மருத்துவப் பிரிவு. இவர் வேகமாகப் போடுவார், மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், சுடுகாட்டுக்குப் போகிறவனுக்குக் கவலை இல்லை, தொட்டிலில் இருப்பவர்கள்தான் பாவம்.

பழைய பயிற்சி விமானத்தின் இடது சிறகு விழும். இது ரகசியமே அல்ல, எல்லோருக்கும் தெரியும், கையேட்டில் நான்காம் அத்தியாயத்தில் இரண்டு வரி உண்டு. நானும் பிஷ்டும், இன்று நாற்பது தாண்டிய ஏறக்குறைய எல்லோரும், அதில்தான் பழகினோம். பயிற்சி விமானத்தில் முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. இரண்டு பெடல்களும் கம்பியால் பிணைக்கப்பட்டவை, ஒருவர் மிதித்தால் மற்றவர் காலுக்கு அடியிலும் நகரும். முதல் ஒரு மாதம் நான் பிறவி விமானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டால், நேராக விழுகிறது. மறுபடி ஸ்டால், நேராக விழுகிறது. பின்னால் இருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் தேஷ்முக், வாயைத் திறக்காத மனுஷன், பதினோராம் நம்பர் ஷூ. ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் அவர் காலை எடுத்துக்கொண்டார். இடது சிறகு இருந்த இடத்தில் இல்லை. வயல்கள் என் தலைக்கு மேலே வந்தன, நான் கத்தினேன், ஏதோ செய்தேன், எப்படியோ நிமிர்ந்தது. இறங்கி வந்தபோது கால்சட்டையை நனைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி நடந்து போனார். அதற்குப் பிறகு என் வலது கால் தூங்கியதே கிடையாது. பயம் மூளையிலிருந்து இறங்கிக் கணுக்காலில் போய்க் குடியேறிவிட்டது. மேலே நான் தைரியசாலியாகிவிட்டேன். தனசிங்கின் காலைப் பாருங்கள் என்று ஸ்குவாட்ரனில் பேர் வாங்கியதும் இதனால்தான். அந்தப் பேர்தான் என்னை டெஸ்ட் பைலட் ஆக்கியது, இந்த மேசைக்குக் கொண்டுவந்தது. என்னிடம் வேறு பெரிய திறமை ஒன்றும் இல்லை. இப்போது எழுந்து நின்று, ஐயா, என் கால் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாது என்று சொல்ல வேண்டும். நினைத்தாலே காது சுடுகிறது.

நஞ்சப்பனுக்குக் கால் தூங்கிவிட்டது. அப்படித்தான் எழுதினார்கள். பொள்ளாச்சிக்காரன், என் பேட்ச், பக்கத்துக் கட்டில். தனியாகப் போன நான்காவது பயணம், இறங்குவதற்கு முந்தைய வளைவு, காலை பத்து மணி. நான் ஓடுபாதைக்கு வெளியே அடுத்த முறைக்காக ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறகு தாழ்ந்தது, யாரையோ குனிந்து பார்ப்பதுபோல, அவ்வளவுதான் பார்க்கக் கிடைத்தது. இருக்கையோடு வெளியே எகிறிவிட்டான், பிழைத்தான். முதுகெலும்பு நசுங்கி, ஆள் ஓர் அங்குலம் குள்ளமாகிப் போனான், விமானப்படை அதோடு சரி. விசாரணை அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது: விமானியின் பிழை. பொய் என்று சொல்ல முடியாது. மிதித்திருக்க வேண்டும், மிதிக்கவில்லை. பொள்ளாச்சியில் பேக்கரி வைத்திருக்கிறான், வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் அனுப்புகிறான், போன வருஷம் நன்றி சொல்லக் கூப்பிட்டபோதும் அதே பேச்சு. “என்ற காலு அன்னிக்குத் தூங்கிப்போச்சு தனசிங்கு. எல்லாத்துக்கும் வந்துச்சு, எனக்கு மட்டும் வல்லை. ஒரு மிதி. ஒரே ஒரு மிதி மிதிக்கோணும், அதுக்கே வக்கில்லாமப் போச்சே.” இருபத்தாறு வருடமாக ஓர் ஆள் தன் காலைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நானும் ஒரு தடவைகூட, டேய், அந்த விமானமே கோணல்டா என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? அவன் கால் கெட்ட கால் என்றால்தானே என் கால் நல்ல கால். இதை இப்போதுதான் நினைக்கிறேனா, அல்லது எப்போதோ நினைத்து மூடி வைத்திருந்தேனா, தெரியவில்லை. கேக்கை மட்டும் வருஷம் தவறாமல் தின்றிருக்கிறேன்.

ஆறாவது ஆள் பிஷ்ட். என் இடது பக்கம். சிவப்பை ஓட்டிய இரண்டாவது விமானி, மெஹர் அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மூத்தவன் என்பதால் என்னிடம்தான் வந்தார். பிஷ்ட் மூக்கால் ஏதோ மெட்டை முனகிக்கொண்டே போடுகிறார், அவருடைய ஒப்பம் ஒரு சுழியும் ஒரு இழுப்பும், பக்கங்கள் சரசரவென்று புரள்கின்றன. எண்பது. தொண்ணூறு. சரி, யோசிப்போம். ஒப்பம் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கம்பெனியே பிறகு கண்டுபிடித்துச் சிறகில் ஒரு தகடு ஒட்டலாம். அல்லது யாராவது கையேட்டில் இரண்டு வரி சேர்ப்பார்கள், நான்காம் அத்தியாயத்தில். வாத்தியார்கள் பின்னாலிருந்து மிதிப்பார்கள், பிள்ளைகளின் கால்கள் பயந்து பயந்து கற்றுக்கொள்ளும், நூற்றில் தொண்ணூற்றெட்டுக் கால்கள். மீதி இரண்டுக்கு அறிக்கை எழுத வார்த்தை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மெஹர் கணக்கு தப்பாகக்கூட இருக்கலாம், அவரே உறுதியாகச் சொல்ல முடியாது என்றாரே. மாற்றினால் என்ன ஆகும்? பதினான்கு மாதம் வீண். தலைவர் இந்த அறிக்கையோடு ஓய்வு பெறலாம் என்றிருக்கிறார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள், முகத்துக்கு நேரே. வெளியே போய், கேட்டீர்களா, கால் தானாக ஓட்டியதாம், என்று சிரிப்பார்கள். நான் இருந்தாலும் சிரிப்பேன். எதிரே மெஹர் தன் முன்னால் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடமாக அதே லேபிள். என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை உலகம் பார்த்தால் பரவாயில்லை, ஒரே ஒரு ஆள் பார்த்தும் பார்க்காததுபோல உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை. பிஷ்ட் நூற்று முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டார். சுழி, இழுப்பு.

ஃபைல் என் முன்னால் வந்துவிட்டது. கனமாக இருக்கிறது. பேனாவைத் திறக்கிறேன். முதல் பக்கம், மூலையில் ஆறு ஒப்பங்கள், ஏழாவதுக்கு இடம். பேனா முனை தாளைத் தொடவில்லை, தொடுகிற உயரத்தில் நிற்கிறது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. “என்ன தனசிங், மை தீர்ந்துவிட்டதா?” என்கிறார் தலைவர், சிரித்துக்கொண்டே. இல்லை சார் என்கிறேன். நூற்று முப்பத்தொன்றைப் புரட்டுகிறேன், இந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும் சார் என்கிறேன், என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல இருக்கிறது. சொல்கிறேன். ஆறு தடவை, கால்வாசிப் பெடல், அரை நொடி முன்னால், நான் அறியாமல். எதிர்பார்த்ததைவிடச் சுருக்கமாகவே சொல்லி முடித்துவிட்டேன், மொத்தமே ஐந்து வாக்கியம்தான் இருக்கும். பிஷ்ட் திரும்புகிறார். “நானா? நான் அமுக்கவே இல்லையே.” மெஹர் இன்னொரு தாளை அவர் பக்கம் நகர்த்துகிறார். பிஷ்ட் படிக்கிறார், முனகல் நின்றுவிட்டது, கழுத்து மெல்லச் சிவக்கிறது. நான் வராந்தாவில் அனுபவித்ததை அவர் சபை நடுவில் அனுபவிக்கிறார், உள்ளே வருவதற்கு முன் அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்ல நேரமில்லை. சப்ளைக்காரர் பேனா மூடியைக் கடிக்கிறார். இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள் வைத்த மனிதர்.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “நல்லது. ஒப்பம் போடுவதற்கு முன்னால் சொன்னாயே.” பிறகு, “பிப்ரவரியில் நீயே ஒருமுறை கம்பெனிக்குப் போய் வா. ஒரு வாரம். இந்தத் தடவை காலைத் தரையில் வைத்துக்கொண்டு ஓட்டு, சரியான எண்ணைக் கொண்டு வா, முடித்துவிடுவோம்,” என்கிறார். இப்படியும் ஒரு வழி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பிப்ரவரி. அந்தக் குளிர்ந்த ஓடுபாதை, அந்த இருக்கை, கண்ணாடிக் கூரை மூடும்போது வரும் ரப்பர் வாசனை. சரி சார் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. காலைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்வேன். முதல் தடவை வைத்துக்கொள்வேன், இரண்டாம் தடவையும். மூன்றாவதில் விமானம் நடுங்கும்போது அது தரையிலா இருக்கும்? இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன், இன்று காலை செய்ததுபோலவே. “நான் வேண்டாம் சார்,” என்கிறேன். “பிஷ்டும் வேண்டாம். தெரிந்த பிறகும் இந்தக் கால் அதைத்தான் செய்யும். பழைய விமானத்தில் ஏறாத கால் வேண்டும்.” அப்படி யார் இருக்கிறார்கள் என்று அவர் மெஹரைப் பார்க்கிறார். வேறு பயிற்சி விமானத்தில் பழகி வந்த இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கு முப்பத்திரண்டு வயது, என்கிறார் மெஹர். கேட்பதற்கு முன்பே தேடி வைத்திருக்கிறார். தலைவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துகிறார். “உனக்குப் பறக்க இன்னும் பதினோரு மாதம்தான் இருக்கிறது. இதற்குப் பிறகு உன் கைக்கு வேறு டெஸ்ட் வராது, தெரியுமல்லவா?” தெரியும் சார். நன்றாகத் தெரியும். தலைவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். மெஹர் சிவப்பை ஓட்ட அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுக்கிறார், முதல் பெயர் என்னுடையது. மேசை முழுக்க ஆங்கிலமும் இந்தியுமாக இரைச்சல் கிளம்பிவிட்டது. அதற்கு அடியில், எனக்கு மட்டும் கேட்கும்படி, தமிழில் கேட்கிறார்: “பேர அடிச்சிரட்டுமா சார்?” அடிச்சிருங்க மெஹர் என்கிறேன். ஸ்கேலை எடுத்து வைத்து, கோணாமல், ஒரே கோடாக அடிக்கிறார். அடித்த இடத்தில் அந்தப் பெயருக்கு உரியவர்தான் ஒப்பம் போட வேண்டும். தாளை என் பக்கம் திருப்புகிறார். போடுகிறேன்.